பச்சை வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் மாட்டிய கதை

கூக்கல்பாறை என்கிற அந்த மலையூரில் காபிச்செடி வேர் பிடிக்கிற அளவுக்கு மண் உண்டு, மிளகுக்கொடி ஏறுகிற அளவுக்கு மரம் உண்டு, ஆனால் ஒரு மனிதரைப் புதைக்கிற ஆழத்துக்குத் தோண்டினால் கடப்பாறை பாறையில் முட்டி நெருப்புப் பறக்கும் என்பதால், அங்கே செத்தவர்கள் எல்லோரும் கடைசியாக ஒரு தடவை மலையிறங்கி அடிவாரத்து ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. அப்படிப் போனவர்கள் அத்தனை பேரையும் கொண்டுபோய்ச் சேர்த்தது சென்றாயனின் பச்சை வண்டி.

அது ஒரு பழைய பிக்கப். முன்னால் ஜீப்பின் மூக்கு, நடுவில் மூன்று பேர் நெருக்கி உட்கார ஒரே நீளச் சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. காபி மூட்டையும் ஆரஞ்சுக் கூடையும் அதில்தான் இறங்கின, அரிசியும் சீமை ஓடும் அதில்தான் ஏறின, காய்ச்சல்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், போய்த் திரும்பாதவர்களும் அதில்தான் போனார்கள். பேருந்து என்று ஒன்று சாயங்காலம் வரும், மழை பெய்தால் வராது, மழை பெய்யாத நாளிலும் வராததற்குக் காரணம் வைத்திருக்கும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. உடலைத் தொட்டியில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்ததும், செத்தவருக்கு யார் ரொம்ப நெருக்கமோ அவர் டிரைவர் ஜன்னல் பக்கமாக வந்து, கையை உள்ளே விட்டு, ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பார். அதற்கப்புறம் அழக்கூடாது. அழக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, அழுகை வராது, அவ்வளவுதான். கை வைத்தாகிவிட்டது என்றால் அந்த வீட்டில் துக்கம் முடிந்தது என்று அர்த்தம். பக்கத்து ஊர்க்காரர்கள் கூக்கல்பாறைக்காரர்களைக் கல்நெஞ்சுக்காரர்கள் என்று ஏசினார்கள், அதை இவர்கள் பட்டம் கொடுத்ததுபோல் வாங்கிக்கொண்டு, நாங்க பாறையில பொறந்தவுங்க என்று சொல்லித் திரிந்தார்கள்.

அழாத ஊர் என்று ஒன்று இருக்க முடியுமா என்று அவர்கள் யோசிக்கவில்லை. அழுகை எங்கே போகிறது என்றும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டிய ஒரே ஆள் சென்றாயன், அவனுக்கு யோசிக்க வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் அது போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அவனுடைய இரண்டு கைகளும் இருந்தன.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஸ்டியரிங் கொஞ்சம் கனத்தது. கிழடு கட்டைகள் போனால் ஒரு சுண்டு கனம். வயசுப்பிள்ளை போனால் அன்றைக்கு வளைவுகளில் சென்றாயன் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புவான். போதும்பொண்ணுவின் ஒரே மகன் குட்டையில் விழுந்து போன அன்று, அவள் வந்து கை வைத்துவிட்டுப் போன மறுநிமிஷம், வண்டியை வாசலிலிருந்து ரோட்டுக்குத் திருப்பவே அவன் சீட்டை விட்டு எழுந்து நின்று இழுக்க வேண்டியிருந்தது. மெக்கானிக்குகள் கிரீஸ் வைத்தார்கள், ஆயில் மாற்றினார்கள், டயரைக் கழற்றிப் பார்த்தார்கள், ஒரு குற்றமும் இல்லை என்றார்கள். சென்றாயனின் பெண்டாட்டி மஞ்சக்காமாலையில் போனபோது, அவளுக்கு நெருங்கினவன் அவன்தான், ஆனால் அவன் கை எப்போதும் அந்தச் சக்கரத்தின் மேலேயே இருக்கிற கை, வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகிற வசதி அவனுக்கு இல்லை. அதனால் அவன் ஒருவன் மட்டும் அந்த ஊரில் தன் வீட்டுச் சாவைத் தானே வைத்துக்கொண்டான். அவ்வப்போது ஆனைக்கல் வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுவான், அழுது முடித்துவிட்டு வண்டியை எடுப்பான்.

ஆனைக்கல் வளைவு என்பது அந்த மலைப்பாதையிலேயே பொல்லாதது. எந்த வண்டியும் ஒரே வீச்சில் திரும்பாது. பாதி திருப்பி, நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கொஞ்சம் பின்னால் எடுத்து, நின்ற இடத்திலேயே மறுபடி முழுசாகச் சக்கரத்தை ஒடிக்க வேண்டும். ஒரு பக்கம் ஆனை அளவு கல், மறுபக்கம் ஒன்றுமில்லை. ஓடுகிற வண்டியின் ஸ்டியரிங்கை யாரும் திருப்பிவிடலாம், நிற்கிற வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்பித்தான் சென்றாயனின் வலது தோள் போயிற்று. சட்டை போடக் கையைத் தூக்க முடியாமல் ஆன பிறகும் ஓட்டினான். அவன் ஓட்டாவிட்டால் யார் ஓட்டுவது என்று ஊர் அன்போடு கேட்டது, அவனுடைய இடத்துக்கு ஒருவனும் வரவில்லை.

அவன் மகள் நாகஜோதி தலைப்பிரசவத்துக்கு வந்தபோதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது. மருமகன் கேரளத்துப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தான், நினைத்த நேரத்துக்கு வர முடியாதவன். வலி எடுத்தால் இவளைக் கீழே கொண்டுபோக வேண்டியது தான்தான், ஆனைக்கல் வளைவில் தோள் கைவிட்டுவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மகள்தான் சொன்னாள். "அப்பா, இப்ப வர்ற வண்டியிலெல்லாம் ஒத்த விரல்ல திருப்புறாங்கல்ல. அத நம்ம வண்டியில மாட்ட முடியாதா?"

முடியும் என்றார் அடிவாரத்துப் பட்டறைக்காரர் பீர் மைதீன். திண்டுக்கல் பழைய சாமான் கடையிலிருந்து, விபத்தில் நசுங்கிய ஒரு வேனின் பவர் ஸ்டியரிங்கை வாங்கி வந்தார். அந்தப் பழைய எஞ்சினில் ஆயில் பம்பு உட்கார இடமே கிடையாது, அவர் இரும்புத் தகட்டை வெட்டி வளைத்து ஒரு தாங்கி செய்தார். சேஸியில் புது பாக்ஸ் வருகிற இடத்தில் இன்னொரு தகடு வைத்து வெல்டிங் அடித்தார். ஸ்டியரிங் தண்டை அறுத்து ஜாயின்ட் போட்டார், இரண்டு ஹோஸ் இழுத்தார், பம்பைச் சுற்றத் தனியாக ஒரு பெல்ட் போட்டார். கழற்றின பழைய ஸ்டியரிங் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு குத்தமும் இல்லையேண்ணே. வெண்ணெயாத் திரும்புது. இத வச்சுக்கிட்டு ஏன் தோளு போச்சுன்னு நீங்கதேன் சொல்லணும்."

"அது கெடக்கட்டும் மைதீனு. ஓரமாப் போட்டு வையி."

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. இந்த பெல்ட்டு அந்துச்சுன்னா, பழசவிட ரெட்டிப்பாக் கனக்கும். பம்பு வேல செய்யாத பவர் ஸ்டியரிங்கு கல்லுத்தேன்."

அன்றைக்கு மலையேறும்போது சென்றாயன் ஒரு விரலால் ஓட்டினான். ஆனைக்கல் வளைவில் நின்ற இடத்தில் சக்கரத்தை ஒரு கையால் சுற்றினான், அது சுற்றிற்று, இன்னொரு தடவை சுற்றினான், வேண்டுமென்றே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தான். ஊருக்கு வந்ததும் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து வந்தவர் போனவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். இது பம்பு, இது ஹோஸு, இந்த பெல்ட்டுதேன் எல்லாம், இது ஓடுற வரைக்கும் எனக்குத் தோளே வேணாம் என்றான். கூட்டத்தில் கோவிந்தப்பனும் நின்று பார்த்தார். காபிக் களமும் உலர்த்தும் கொட்டகையும் அவருடையவை, ஊரில் எதற்கும் முதல் வார்த்தை அவருடையதாக இருக்கும். "நல்லதாப் போச்சு சென்றாயா," என்றார், மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் காலை கோவிந்தப்பன் வீட்டு முன்கதவு சாத்த வரவில்லை.

இராத்திரி திறந்து வைத்தது வைத்தபடி நின்றது. அவர் தள்ளினார், மகன்கள் தள்ளினார்கள், களத்தில் வேலை செய்கிற ஆட்கள் வந்து தள்ளினார்கள். பலாப்பலகைக் கதவுதான், ஆனாலும் மலையைத் தள்ளுவதாக இருந்தது. கீல் சரியாக இருந்தது, மரம் உப்பவில்லை. தெருவில் இன்னும் பல வீடுகளில் அதே கதைதான். செத்தவர்கள் வெளியே போன வழி கதவுதானே, அதனால் கனம் பெரும்பாலும் கதவிலேயே வந்து இறங்கியிருந்தது. சில வீடுகளில் வேறு சாமான்களில். ஒருத்தியின் வீட்டில் மாமியாரின் வெற்றிலை உரல், ஒருவன் வீட்டில் தம்பியின் சைக்கிள், போதும்பொண்ணுவின் வீட்டில் அவள் மகன் பால் குடித்த சின்ன எவர்சில்வர் டம்ளர். அலமாரியில் இருந்த டம்ளர் பலகையை முறித்துக்கொண்டு தரையில் விழுந்து கிடந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் பார்த்தாள், அது அசையவில்லை. அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மகன் செத்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. கையில் வைத்திருந்ததை ஓரிடத்தில் கொடுத்துவைத்திருந்தோம், அந்த இடம் கைமாறிப்போயிற்று, சாமான் வீடு தேடி வந்துவிட்டது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருந்தாலும் சரிபார்க்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. அந்த வாரமே தபால்காரரின் தகப்பனார் செத்தார், தபால்காரர் வழக்கப்படி ஜன்னலில் கைவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தார், ரொம்ப நேரம் வைத்திருந்தார், எடுத்தபோது துக்கம் அப்படியே கூடவே வந்தது. அவர் தெருவில் அழுதுகொண்டே நடந்து போனார், ஜனங்கள் அவரைப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார்கள்.

மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள். கூக்கல்பாறை கனத்துக்குப் பழகிற்று. கதவு சாத்தாத வீடுகளில் ஆடு நுழைந்தது, நாய் படுத்தது, மூடுபனி வந்து பாயை நனைத்தது, பெண்கள் புடவை மாற்றச் சமையலறை மூலைக்குப் போனார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் தெருவுக்குக் கேட்டது, சண்டைக்குப் பின் நடந்த சமாதானமும் கேட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் நகை நட்டைக் கேட்குமுன் கதவு சாத்துமா என்று கேட்டார்கள். மின்சார ஆபீசிலிருந்து வந்த ஆள், என்னய்யா ஊரே வாயைத் திறந்துபோட்டுக் கெடக்கு என்று விசாரித்தபோது, மழைக்கு மரம் உப்பிருச்சுங்க என்று ஒரே குரலில் சொன்னார்கள். காபி பறிக்கிற இடத்தில் திடீரென்று ஒருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு, எப்போதோ செத்த அக்காளுக்காக அழுவாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி அழுவாள், மேஸ்திரி போட்டுவைத்த கணக்கு எல்லாம் கெட்டுப்போகும்.

போதும்பொண்ணு மட்டும் தினமும் காலையில் டம்ளர் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கிப் பழகினாள். முதலில் அசைக்க முடிந்தது, பிறகு ஒரு விரற்கடை எழுந்தது, மழைக்காலம் முடிவதற்குள் அதை வாய்வரை தூக்கித் தண்ணீர் குடித்துவிட்டாள். கை நரம்பெல்லாம் புடைத்துப்போயிற்று. கேட்டவர்களிடம், "கனமாத்தேன் இருக்கு. இருக்கட்டும். எம்புள்ள கனம் எனக்குத் தெரியாமலே போயிருக்குமே," என்றாள். அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாக ஊர் முடிவு செய்தது.

கோவிந்தப்பனுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். அவருடைய கதவில் இறங்கியிருந்தது அவர் முதல் மனைவி. அந்தப் பெண் கல்யாணமான மறுவருஷம் உலர்த்தும் கொட்டகை உத்தரத்தில் தொங்கினாள், வயிற்றுவலி என்று சொல்லி முடித்துவிட்டார்கள், அவர் ஜன்னலில் கை வைத்துவிட்டுப் போய் அன்றைக்கே களத்துக் கணக்கு பார்த்தார். இப்போது திறந்த கதவு வழியாகத் தெருவே வீட்டுக்குள் பார்த்தது, அவர் சாப்பிடுவதை, தூங்குவதை, தூக்கத்தில் ஒரு பேரைச் சொல்லி உளறுவதை எல்லாம் பார்த்தது. இரண்டாம் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வயிற்றுவலியா என்று தெருவில் யாராவது எதற்காவது சொன்னால் போதும், அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அவர் களத்தில் ஊரைக் கூட்டினார். சென்றாயன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"சென்றாயா, ஊரு படுற பாட்டப் பாக்குறேல்ல. பழைய ஸ்டியரிங்க மாட்டிரு."

"மாட்டுறேண்ணே."

ஊர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்திருந்தவர்கள் கையைக் கீழே போட்டார்கள்.

"மாட்டுறேன். எம்மகளுக்கு மாசம் நெறஞ்சு நிக்குது. அவ பெத்துப் பொழச்சு வரட்டும், மறுநாளே பழசக் கொண்டாந்து மாட்டிக்கிறேன். இத்தன வருஷம் தூக்கிட்டேன், இனியும் தூக்குறேன். அந்த ஒரு நாளு மட்டும் எனக்குக் கை லேசா இருக்கணும்ணே. அவ்வளவுதேன் கேக்குறேன்."

"தாராளமா," என்றார் கோவிந்தப்பன். "ஒம்மக எம்மக இல்லையா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் கலைந்து அவரவர் திறந்த வீடுகளுக்குப் போனார்கள். கோவிந்தப்பனும் போனார், போய்ப் படுத்தார், விடிய விடியக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிரசவம் இன்றைக்கா நாளைக்கா, யார் கண்டது. பத்து நாள் கழித்தும் ஆகலாம். ஒரு மனிதனால் எத்தனை இராத்திரிதான் இப்படிக் கிடக்க முடியும். பெல்ட்டை இன்றைக்கு அறுத்தால் நாளைக்கு அவன் புதுசு வாங்கி மாட்டிக்கொள்ளட்டுமே, ஒரே ஒரு இராத்திரி கதவைச் சாத்திப் படுத்தால் போதும் என்று நினைத்தார். பட்டறைக்காரர் சொன்ன ரெட்டிப்புக் கனம் அவர் காதுக்கு வரவில்லை. பெல்ட் போனால் பழையபடி ஆகும் என்றுதான் நினைத்தார். மறுநாள் மத்தியானம் சென்றாயன் சாப்பிட உள்ளே போன நேரம், காபிச்செடி நறுக்குகிற கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போய், மூடியைத் தூக்கி, சென்றாயன் பெருமையாகக் காட்டிய அதே பெல்ட்டை அறுத்தார். தெருவில் நாலைந்து பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

அன்றைக்கே, சென்றாயன் கை கழுவுவதற்குள், நாகஜோதிக்குப் பனிக்குடம் உடைந்தது.

போதும்பொண்ணு ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்து நடுச்சீட்டில் ஏற்றித் தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சென்றாயன் சாவி போட்டு வண்டியைத் தெருவிலிருந்து ரோட்டுக்குத் திருப்பினான். திரும்பவில்லை. அவன் இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்தான். அறுந்த பெல்ட் தொங்கிற்று, அறுத்த இடம் சுத்தமாக இருந்தது. நிமிர்ந்து தெருவைப் பார்த்தான். திறந்த கதவுகளில் நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் மேலே ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். மூடியைச் சாத்திவிட்டு ஏறினான்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லம்மா. போயிரலாம்."

முதல் வளைவில் அவன் எழுந்து நின்று இழுத்துத் திருப்பினான், ஊரில் தபால்காரர் வீட்டுக் கதவு காற்றுக்கு ஆடிற்று. இரண்டாம் வளைவில் தோளுக்குள் ஏதோ கிழிந்தது, ஊரில் வெற்றிலை உரலை ஒருத்தி ஒற்றைக் கையால் தூக்கிவிட்டு ஐயோ என்று சிரித்தாள். வளைவுக்கு வளைவு அவன் கையில் ஏற ஏற, வீட்டுக்கு வீடு இறங்கிற்று, கதவுகள் ஆடின, சைக்கிள் மணி அடித்தது, அழுதுகொண்டிருந்தவர்கள் எதற்கு அழுதோம் என்று மறந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள், பிள்ளைகள் கதவைத் திறந்து திறந்து சாத்தி விளையாடின, ஒரு வீட்டில் பாயசம் வைக்கச் சேமியா வறுத்தார்கள். கோவிந்தப்பன் தன் வீட்டுக் கதவை ஒரு விரலால் தள்ளினார். அது போய்ச் சாத்திக்கொண்டது. அவர் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அங்கேயே தரையில் படுத்து, பல மாதத்துத் தூக்கத்தைத் தூங்கினார்.

ஆனைக்கல் வளைவில் வண்டி பாதி திரும்பி நின்றது. போதும்பொண்ணு இறங்கி ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள். சென்றாயன் நின்ற இடத்தில் சக்கரத்தை ஒடிக்கப் பார்த்தான், அது அசையவில்லை. ஊரின் அத்தனை சாவும் அதில் இருந்தது, பெல்ட் அறுந்த கனம் அதற்கு மேல் இருந்தது. வலது கை தொங்கிவிட்டது. இடது கையால் இழுத்தான், நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினான், பல்லால் கடித்து இழுக்க முடிந்தால் அதையும் செய்திருப்பான். முன்சக்கரத்துக்கு அடுத்து ரோடு இல்லை, காற்றுதான் இருந்தது.

நாகஜோதி வலியில் குனிந்திருந்தவள் நிமிர்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"வேணாம்மா. கைய வைக்காத. அதுல வைக்காத தாயி."

"நானும் ஒரு கை பிடிக்கிறேம்ப்பா. ரெண்டு பேருமா இழுப்போம்."

அந்த ஸ்டியரிங்கில் அதுவரை கை வைத்தவர்கள் எல்லோரும் விட்டுவிட்டுப் போக வைத்தவர்கள். இவள் ஒருத்திதான் பங்கு வாங்க வைத்தாள். அப்பனும் மகளும் சேர்ந்து இழுத்தார்கள், அவள் வலிக்கு முக்கினாளா சக்கரத்துக்கு முக்கினாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது, சக்கரம் ஒரு சாண் திரும்பிற்று, இன்னொரு சாண் திரும்பிற்று, பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்து, பெல்ட் இல்லாமலே, ஒரு விரலுக்குத் திரும்புகிற அளவுக்கு லேசாகிவிட்டது. நாகஜோதி மெதுவாகச் சீட்டில் சாய்ந்தாள். சீட்டின் ஸ்பிரிங் அவள் பக்கம் அடிவரை அமுங்கிற்று. சென்றாயனுக்குப் புரிந்துவிட்டது. அவன் அதற்குப் பிறகு கடைசி வளைவு வரை மகளைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான், பார்த்தால் ஓட்ட முடியாது என்று தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவளை ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வார்டு முழுவதும் வர வேண்டியிருந்தது. குழந்தை பிறந்தது, பெண். தாய் அதன் அழுகையைக் கேட்டாள், கண்ணைத் திறந்து அப்பாவைத் தேடினாள், போய்விட்டாள். போன பிறகு அவள் உடம்பு ஒரு சருகாக இருந்தது, ஒருவரே தூக்கினார். குழந்தையைத்தான் தூக்க முடியவில்லை. பார்க்கச் சின்னதாக, எல்லாக் குழந்தையும்போலத்தான் இருந்தது, ஆனால் நர்சு தூக்கப் போய்ப் பிடித்த இடத்திலேயே நின்றாள், இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், எடை எழுத வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு எடையை எழுதினார்கள். சென்றாயன் உள்ளே வந்து, நல்ல கை என்று மிச்சமிருந்த இடது கையைக் குழந்தைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். அவனுக்கு அது தெரிந்த கனம். எந்த மூலையில் யார் இருக்கிறார்கள் என்று அவன் கைக்குத் தெரியும்.

மறுநாள் மகளை ஆற்றங்கரையில் புதைத்தான். ஓடிவந்து சேர்ந்த மருமகன் குழந்தையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், அதன் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். குழியில் மண் போட்ட கையோடு அவனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியபோது டிரைவர் ஜன்னல் பக்கம் கை வைக்க ஆளில்லை. இருந்திருந்தாலும் சென்றாயன் விட்டிருக்கமாட்டான்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, அவன் வெயில் தாழ மலையேறினான். பக்கத்தில் போதும்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். ஊர் முகப்பில் அவன் வண்டியை நிறுத்திக் குழந்தையோடு இறங்கினான். சாவுச் சேதி முன்னாலேயே வந்துவிட்டிருந்தது, தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் வாசலில் நின்றார்கள், முகம் கழுவிப் பளிச்சென்று நின்றார்கள்.

போதும்பொண்ணு நடுத்தெருவில் அவன் முன்னால் வந்து நின்றாள். குழந்தையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

"எம்புள்ளைய எங்கிட்டயே தந்துரு தாயி. அவன் பாரம் ஒனக்கு எதுக்கு?"

கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கையை எடுத்தபோது அவள் தோள் இறங்கிற்று, முழங்கால் மடங்கப் பார்த்து நிமிர்ந்தது. தெருக்கோடியில் அவள் வீட்டுக்குள் டம்ளர் தரையில் விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சென்றாயனின் கையில் குழந்தை ஒரு சுண்டு லேசாயிற்று. அது முதல் தடவையாக நன்றாக மூச்சை இழுத்து விட்டது.

போதும்பொண்ணு கண்ணைத் துடைக்காமல் தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

"பாத்தீகள்ல. இம்புட்டுத்தேன். அவுகவுக வந்து அவுகவுகள எடுத்துக்கங்க. பச்சப்புள்ள தாங்காது."

யாரும் அசையவில்லை. தபால்காரர் மட்டும் படியில் ஒரு காலை இறக்கினார், பக்கத்து வாசலைப் பார்த்தார், காலை எடுத்துக்கொண்டார்.

முதலில் கோவிந்தப்பன் வீட்டுக் கதவு. யார் தள்ளினார்கள் என்றுகூடத் தெரியவில்லை, அவ்வளவு லேசாகப் போய்ச் சாத்திக்கொண்டது. அடுத்து எதிர்வீடு, அதற்கடுத்து உரல்காரி வீடு, சைக்கிள்காரன் வீடு, தபால்காரர் வீடு. எல்லாம் எண்ணெய் போட்டு வைத்த கீல்கள், ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாகக் கேட்டது.

குழந்தை பசிக்கு அழ ஆரம்பித்தது. சென்றாயன் அதை வலது தோளுக்கு மாற்றப் பார்த்தான், அந்தத் தோள் எழவில்லை. இடது கையிலேயே இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாசலாகக் கடந்து, வீட்டைப் பார்த்து நடந்தான். போதும்பொண்ணு பால் காய்ச்ச முன்னால் போனாள்.